நீறு பூத்த நெருப்பு!

நெஞ்சுக்குள் தூங்கும் காசக் கிருமி, கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீடு. ஒரே அறை. அதை ஒட்டி ஒரு சிறு சமையல்கட்டு. அப்பா தறி நெய்கிறவர். அவருக்கு ஒரு மாதமாக இருமல். "பீடிப் புகைதான் காரணம்" என்று சும்மா இருந்துவிட்டார். உடம்பு இளைத்தது. மாலையில் காய்ச்சல் அடித்தது. மனைவி விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

சளியைச் சோதித்தார்கள். காச நோய்!

மருந்து ஆரம்பமாயிற்று. சில நாள் கழித்து ஒரு சுகாதார ஊழியர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா! வீட்டில் இருக்கிற எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். சோதனை செய்து பார்க்க வேண்டும்" என்றார்.

அந்த அம்மாளுக்குத் திக்கென்றது.

"நோய் அவருக்குத்தானே ஐயா? எங்களுக்கு ஒன்றும் இல்லையே! பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஓடி ஆடுகிறார்கள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊரார் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?"

இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. காச நோய் வந்த வீடுகளில் எல்லாம் கேட்கிற கேள்விதான். நோயே இல்லாதவனுக்குச் சோதனை எதற்கு? மருந்து எதற்கு?

பதில் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

தவறிய குறி

காச நோயை 2025-ம் ஆண்டுக்குள் ஒழித்துவிட வேண்டும் என்று இந்திய அரசு குறி வைத்தது. உலக நாடுகள் வைத்த கெடு 2030. அதற்கு 5 ஆண்டு முந்திக்கொள்ளப் பார்த்தது இந்தியா.

2025 வந்தது. நோய் ஒழியவில்லை.

நோய் குறைந்தது உண்மை. 2015-ல் லட்சம் பேருக்கு 237 பேர் புதிதாக நோயில் விழுந்தார்கள். 2024-ல் அது 187 ஆயிற்று. நூற்றுக்கு 21 பங்கு குறைவு. நல்ல செய்திதான். ஆனால் ஒழிப்பு என்று இதைச் சொல்ல முடியாது.

2024-ல் உலகம் முழுவதிலும் 1 கோடியே 7 லட்சம் பேருக்குக் காச நோய் வந்தது. 12 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நாலில் ஒருவர் இந்தியர்.

மருந்து இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு ஏன் நோய் ஒழியவில்லை?

காரணங்கள் பல. வறுமை ஒன்று. நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது இன்னொன்று. மருந்தைப் பாதியில் நிறுத்துவது மற்றொன்று. இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அதுதான் தூங்கும் கிருமி!

கிருமி தூங்குவது எப்படி?

நோயாளி இருமுகிறார். கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதக்கின்றன. அந்தத் துளிகளில் கிருமி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு இழுக்கும்போது அது அவருடைய நுரையீரலுக்குள் போய்விடுகிறது.

உடனே நோய் வந்துவிடுமா? வராது.

உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்தக் காவல்காரர்கள். அவை திரண்டு வந்து கிருமியைச் சூழ்ந்துகொள்கின்றன. சுற்றிலும் சுவர் எழுப்பி அதைச் சிறை வைக்கின்றன.

சிறைக்குள் கிருமி சாகாமல் கிடக்கக்கூடும். ஆனால் வளர முடியாது. மாதக் கணக்கில் கிடக்கும். ஆண்டுக் கணக்கிலும் கிடக்கும். நீறு பூத்த நெருப்பு என்று சொல்லுவோமே, அதுபோல!

இந்த நிலையில் இருப்பவருக்கு இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. எடை குறையாது. சளியில் கிருமி வராது. அவரால் மற்றவருக்கு நோய் தொற்றாது. அவர் நோயாளியே அல்ல.

அவருடன் ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே பாயில் படுக்கலாம். பிள்ளையை அவரிடம் கொடுக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளலாம். பயமே வேண்டாம்!

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்?

உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் உடம்பில் இந்தக் கிருமி பட்ட அடையாளம் இருந்தது. மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம்.

யாருக்கு விழித்துக்கொள்ளும்?

இதைப் படித்ததும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். கிருமி பட்டவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் ஆயுளில் எப்போதாவது நோய் வரும். மற்ற 90 பேருக்கும் மேல், கடைசி வரையில் ஒன்றும் ஆகாமலே வாழ்ந்துவிடுகிறார்கள்.

அந்த 5, 10 பேர் யார்?

கிருமி உள்ளே போன முதல் 2 ஆண்டுகள்தான் ஆபத்தான காலம். ஆகவே நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். அதிலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம். அவர்கள் உடம்பில் காவல் இன்னும் பலப்படவில்லை. கிருமி மூளைக்கும் போய்விடக்கூடும்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் அடுத்து. அந்த நோய் காவல்காரர்களையே கொன்றுவிடுகிறது. சிறைச் சுவர் இடிந்து விழுகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து 2, 3 மடங்கு கூடுகிறது. சரியான சாப்பாடு இல்லாமல் மெலிந்தவர்கள், கல் உடைக்கும் இடத்தில் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்கள், சிறுநீரகம் பழுதாகி எந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்பவர்கள், மாற்று உறுப்பு வைத்துக்கொண்டவர்கள், பீடி, சிகரெட், குடி ஆகியவற்றுக்கு அடிமையானவர்கள். இவர்களுக்கும் கிருமி விழித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தோற்ற மருந்தே சோதனை ஆயிற்று!

தூங்குகிற கிருமியை எப்படிக் கண்டுபிடிப்பது? சளியில் இல்லை. எக்ஸ்ரே படத்திலும் பெரும்பாலும் தெரியாது.

இதற்கு வழி பிறந்தது ஒரு வேடிக்கையான கதை.

ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் காக் என்பவர்தான் காசக் கிருமியைக் கண்டுபிடித்தவர். 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி அதை அவர் உலகுக்கு அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்றும் உலகக் காச நோய் தினம் என்று கொண்டாடுகிறார்கள்.

1890-ல் அவர் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டார். காசக் கிருமியிலிருந்தே ஒரு சாறு எடுத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு "டியூபர்குலின்" என்று பெயர். அது நோயைக் குணப்படுத்தும் என்று உலகமே நம்பியது. நோயாளிகள் படையெடுத்தார்கள்.

நோய் குணமாகவில்லை! காக்கின் புகழுக்கே இழுக்கு வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை டாக்டர்கள் கவனித்தார்கள். கிருமி உள்ளே போனவர் உடம்பில் அந்தச் சாறு பட்டால் உடம்பு சீறி எழுந்தது. கிருமியே படாதவர் உடம்பு சும்மா இருந்தது.

ஆஸ்திரிய நாட்டு டாக்டர் பிர்கே என்பவர் 1907-ல் தோலை லேசாகக் கீறி, அதில் சாற்றை வைத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு டாக்டர் மாண்டூ மெல்லிய ஊசியால் தோலுக்குள் அதைச் செலுத்தினார். அந்த முறைதான் நிலைத்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும், "மாண்டூ சோதனை" இன்றும் நடக்கிறது.

மருந்தாகத் தோற்றது, சோதனையாக வென்றது!

மூன்றாம் நாள் மறக்காதீர்கள்

முழங்கைக்குக் கீழே, கையின் உள்பக்கத்தில் ஊசி போடுவார்கள். ஒரு மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மருந்து. கொசுக்கடிபோல ஒரு சிறு கொப்புளம் எழும்பி மறையும்.

48 மணி முதல் 72 மணிக்குள் திரும்பப் போய்க் கையைக் காட்ட வேண்டும். போகாவிட்டால் சோதனை வீண்.

சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தோல் தடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தடிப்பின் அகலத்தை அளவுகோல் வைத்து அளப்பார்கள். பொதுவாக 10 மில்லி மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால், கிருமி உள்ளே போயிருக்கிறது என்று கொள்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மில்லி மீட்டரே போதும்.

பழைய சோதனையில் ஒரு குறை உண்டு. குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. தடுப்பு ஊசி போட்டிருந்தால், சிலருக்கு அதனாலேயே கை தடித்துவிடும். காசக் கிருமிக்கு இரண்டாம் பங்காளி போன்ற ஒரு கிருமியிலிருந்து செய்ததுதான் பி.சி.ஜி. உடம்புக்கு ஆள் அடையாளம் மாறிவிடுகிறது!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரத்தச் சோதனை ஒன்று வந்திருக்கிறது. "இக்ரா" என்று அதைச் சொல்கிறார்கள். காசக் கிருமியில் இருந்து, பி.சி.ஜி.யில் இல்லாத புரதங்களைத் தேர்ந்தெடுத்து ரத்தத்தோடு கலந்து வைப்பார்கள். முன்பே காசக் கிருமியைப் பார்த்த வெள்ளை அணுக்கள், அதை அடையாளம் கண்டு ஒரு சுரப்பை வெளியிடும். அந்தச் சுரப்பை அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும். ஆனால் நல்ல சோதனைச்சாலை வேண்டும். செலவும் கூடுதல்.

இரண்டுக்கும் நடுவே இப்போது புதிய ஊசி ஒன்றும் இருக்கிறது. "சை-டி.பி." என்பது அதன் பெயர். புனாவில் உள்ள சீரம் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. மாண்டூ போலவே கையில் போடுவது. ஆனால் பி.சி.ஜி.யைக் கண்டு ஏமாறாது. இத்தகைய ஊசிகளை உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டது.

சோதனை சொல்லாதது என்ன?

சோதனை எதுவானாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

கிருமி உள்ளே போயிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். கிருமி தூங்குகிறதா, விழித்துக்கொண்டதா என்று சொல்லாது. நாளைக்கு விழித்துக்கொள்ளுமா என்றும் சொல்லாது.

கிருமி போன உடனேயும் தெரியாது. உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ள 2 வாரம் முதல் 8 வாரம் வரை ஆகும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்குக் கிருமி இருந்தாலும் "இல்லை" என்று வந்துவிடலாம்.

ஆகவேதான் டாக்டர் வேறு கேள்விகளையும் கேட்கிறார். இருமல் உண்டா? காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? இரவில் வியர்க்கிறதா? எக்ஸ்ரேயும் எடுக்கிறார். நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் "இது தூங்கும் கிருமி" என்று முடிவு கட்டுகிறார்.

இதில் அவசரம் கூடாது. காரணம் இருக்கிறது. தூங்கும் கிருமிக்கு ஒன்றிரண்டு மருந்து போதும். விழித்த கிருமிக்கு 4 மருந்து வேண்டும். நோய் உள்ளவருக்குத் தவறுதலாக ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து அதன்முன் செல்லாக் காசு!

சென்னை சொன்ன பாடம்

வீட்டில் இருப்பவர்களை ஏன் சோதிக்க வேண்டும் என்பதற்குச் சென்னையே ஒரு சாட்சி.

1956-ல் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமை வகித்தார்.

அந்தக் காலத்தில் காச நோய் என்றால் சானடோரியம். நோயாளியை மாதக் கணக்கில் வீட்டை விட்டுப் பிரித்து வைப்பார்கள். ஏழை நோயாளிகள் 193 பேரை டாக்டர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போயிற்று. மறு பிரிவு வீட்டில் இருந்தபடியே ஓர் ஆண்டு மாத்திரை சாப்பிட்டது.

வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமாயிற்று! 1959-ல் முடிவு வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

இன்னொரு முடிவுதான் இங்கே முக்கியம். இரு பிரிவு நோயாளிகளின் குடும்பங்களையும் 5 ஆண்டுகள் கவனித்தார்கள். அப்பா வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவியிருக்க வேண்டும் அல்லவா? அப்படிப் பரவவில்லை.

ஏன்? மருந்து ஆரம்பித்ததும் நோயாளியின் கிருமி அடங்கத் தொடங்குகிறது. பரவ வேண்டிய கிருமி அதற்கு முன்பே, நோய் இன்னது என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே பரவிவிடுகிறது!

ஆகவே, நோயாளியை இப்போது திண்ணையில் ஒதுக்கி வைப்பதால் பெரிய லாபம் இல்லை. மனத்துன்பம்தான் மிச்சம். செய்ய வேண்டியது வேறு: ஏற்கெனவே உள்ளே போன கிருமியைத் தேடிப் பிடிப்பது.

அந்த ஆராய்ச்சி நிலையம் சென்னை சேத்துப்பட்டில் இன்றும் இயங்குகிறது. தேசியக் காச நோய் ஆராய்ச்சி நிறுவனம் என்பது அதன் இப்போதைய பெயர்.

எஸ்கிமோ கிராமங்களில்...

தூங்கும் கிருமியை மருந்தால் அடக்க முடியுமா? முடியும் என்று காட்டியது பனிப் பிரதேசமான அலாஸ்கா.

அமெரிக்காவைச் சேர்ந்த அலாஸ்காவில், பெத்தல் என்ற ஊரைச் சுற்றியுள்ள எஸ்கிமோ கிராமங்களில் காச நோய் கொடிகட்டிப் பறந்தது. 1957-ல் டாக்டர் ஜார்ஜ் காம்ஸ்டாக் அங்கே போனார். பாதி வீடுகளுக்கு ஓர் ஆண்டு ஐசோனியாசிட் மாத்திரை கொடுத்தார்கள். மறு பாதிக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை.

மருந்து சாப்பிட்ட வீடுகளில் புதிய நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. 19 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தப் பாதுகாப்பு நிலைத்திருந்தது.

எல்லாருக்கும் மருந்து கொடுக்கலாமா?

மூன்றில் ஒருவருக்குக் கிருமி என்றால், எல்லாருக்குமே மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும்.

கொடுப்பதில்லை. காரணம், பெரும்பாலோருக்கு நோய் வரப்போவதே இல்லை. மருந்தோ சிலருக்குக் கெடுதல் செய்யும். கல்லீரலைத் தாக்கலாம். கை கால் மரத்துப்போகலாம். ஆகவே யாருக்கு ஆபத்து அதிகமோ, அவர்களைத் தேடிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

2021-ல் இந்திய அரசு இதற்குப் புதிய விதிமுறை வகுத்தது. முன்பு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும்தான் முக்கியமாக இந்த மருந்து. இப்போது நுரையீரல் காச நோயாளியின் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் உண்டு. குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், நோய் இல்லை என்று தெரிந்தால் போதும். ஊசிச் சோதனைக்குக் காத்திருக்காமலே மருந்து கொடுக்கலாம்.

ஐசோனியாசிட் மாத்திரையைத் தினமும் 6 மாதம் சாப்பிடுவது பழைய முறை. அதனுடன் ரிபாபென்டின் சேர்த்து வாரம் ஒரு முறை, 12 வாரம் சாப்பிடுவது புதிய முறை. மொத்தம் 12 வேளைதான்! யாருக்கு எது என்பதை வயது, எடை, கர்ப்பம் ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். நோயாளியின் கிருமி மருந்துக்கு அடங்காத வகையாக இருந்தால், வீட்டாருக்கு வேறு மருந்து.

ரிபாபென்டின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலும், ஓயாமல் வாந்தி வந்தாலும், பசியே இல்லாமல் போனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மருந்து சாப்பிடும் காலத்தில் குடி அறவே கூடாது.

அரிசியும் பருப்பும்

மருந்து மட்டும்தானா காவல்? சோறும் காவல்தான்!

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2023-ல் முடிவு வெளியாயிற்று. காச நோயாளிகள் 2,800 பேரின் குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவில், வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. குழந்தைகளுக்கு அதில் பாதி. மறு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவு.

வீட்டார் எல்லாருக்கும் உணவு கிடைத்த குடும்பங்களில், புதிதாகக் காச நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது!

பசித்த உடம்பில் காவல்காரன் தூங்குகிறான், கிருமி விழித்துக்கொள்கிறது.

அந்த வீட்டில்...

தறிக்காரர் வீட்டுக்குத் திரும்புவோம்.

அந்த அம்மாள் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும்?

3 வயதுக் கடைக்குட்டிக்கு நோய் இல்லை என்று தெரிந்தால், உடனே தடுப்பு மருந்து. பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருந்தால், அவருக்குத் தனிக் கவனம். மூத்த பெண்ணுக்கு ஊசி. மூன்றாம் நாள் கையில் தடிப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அவளுக்கு 12 வாரம் மாத்திரை. அவள் நோயாளி அல்ல. அவளால் யாருக்கும் தொற்றாது. கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டியதே இல்லை.

போகாமல் இருந்தால்?

ஒன்றும் ஆகாமலும் போகலாம். அல்லது அடுத்த ஆண்டு, புகுந்த வீட்டில், அந்தப் பெண் இருமத் தொடங்கலாம். அப்போது ஊரார் என்ன சொல்லுவார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். கடைக்குட்டிக்கு நோய் மூளையில் இறங்கிவிட்டால், யோசிக்கவும் நேரம் இராது.

நீறு பூத்த நெருப்பைக் கண்டு ஓடவும் வேண்டாம். அணைந்துவிட்டது என்று அதன்மேல் கூரை வேயவும் வேண்டாம். சுகாதார ஊழியர் வாசலில் வந்து நின்றால், கதவைச் சாத்தாமல் "உள்ளே வாருங்கள்" என்று சொல்லுங்கள். அதுபோதும்!